இடிஞ்ச கோயில் படத்தைப் பிள்ளைங்களுக்கு ஏன் காட்டினோம்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. எம்ஆர்டியில் போகும்போது நிதானமாகப் படிங்க.

மூணு வாரமாக எங்க பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான். "ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைங்களுக்கு இடிஞ்ச கோயில் படம் காட்டினீங்களாமே, எதுக்கு?" சிலர் ஆர்வமாகக் கேட்டாங்க. சிலருக்கு மனசு சங்கடம். ஒரு பாட்டியம்மா நேரிலேயே வந்து, "சின்னஞ்சிறுசுங்க தம்பி. முழு அலங்காரத்தோட இருக்கிற அம்பாளைக் காட்டுங்க. பின்னமானதைக் காட்டலாமா? ஆகாதே"ன்னு சொன்னாங்க. கோபத்தில் சொல்லலை, அக்கறையில் சொன்னாங்க. அவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

நாங்க ஓவியம் படிச்சவங்க இல்லை. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு வேலைக்குப் போய், முப்பது வருஷமா ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்க்கிற ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனா சிராங்கூன் ரோடு பக்கம் வந்து, அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்சு, செருப்பு வைக்கிற இடத்தை ஒழுங்குபடுத்தி, மீதி நேரத்தில் பிள்ளைங்க வகுப்பில் உதவி பண்றோம். வகுப்பில் இருக்கிறது பாலர் பள்ளியிலிருந்து தொடக்கநிலை இரண்டு வரைக்கும் உள்ள வாண்டுகள். அஞ்சு வயசு முதல் எட்டு வயசு வரை. பத்து நிமிஷத்துக்கு மேல ஒரு இடத்தில் உட்கார மாட்டாங்க. அந்தப் படத்தின் முன்னாடி அரை மணி நேரம் உட்கார்ந்தாங்க.

அது என்ன படம்னு முதலில் சொல்லிடுறோம்.

நம்ம சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கையைக் கட்டிக்கிட்டு நிற்கிறாரே ராஃபிள்ஸ், அவர் சிங்கப்பூருக்கு வர்றதுக்கு முன்னாடி ஜாவாவில் துணை ஆளுநராக இருந்தார். 1811 முதல் 1816 வரை ஜாவா பிரிட்டிஷ்காரங்க கையில் இருந்தது. லண்டன் திரும்பினதும் 1817-ல் "ஜாவாவின் வரலாறு"ன்னு இரண்டு பாகமாக ஒரு பெரிய புத்தகம் போட்டார். அதில் பிரம்பானான் வட்டாரத்துக் கோயில்களின் படங்கள் இருக்கு. ஒரு படத்தில் சின்னக் கோயில் ஒண்ணு, அன்னைக்கு இருந்த நிலைமையில். மேல் பகுதி சரிஞ்சு, செடி கொடி மண்டி, கல்லெல்லாம் கீழே சிதறிக் கிடக்கும். அதுக்கு ஜோடியாக இன்னொரு படம். அதே மாதிரிக் கோயில் புதுசா இருந்தப்போ எப்படி இருந்திருக்கும்னு கற்பனை பண்ணி வரைஞ்சது. நாங்க காட்டினது இந்த ரெண்டு படத்தைத்தான்.

படத்தைத் தகட்டில் செதுக்கினவர் வில்லியம் டேனியல். இவரும் இவருடைய சித்தப்பா தாமஸ் டேனியலும் 1792-93-ல் நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் சுற்றி, மாமல்லபுரத்துப் பாறைக் கோயில்களையும் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலையும் வரைஞ்சவங்க. பிரம்பானானுக்கு இவர் போகலை. ராஃபிள்ஸின் ஆட்கள் அங்கே போய் எழுதிக்கொண்டு வந்த குறிப்புப் படங்களை வச்சு லண்டனில் உட்கார்ந்து செஞ்சார்.

கேமரா புழக்கத்துக்கு வராத காலம். டேனியல் பேர் வாங்கினது அக்குவாடின்ட் என்கிற முறையில். செப்புத் தகட்டின் மேல குங்கிலியம் மாதிரி ஒரு பிசின் தூளைத் தூவி, சூடு காட்டி ஒட்ட வைப்பாங்க. பிறகு தகட்டை அமிலத்தில் முக்குவாங்க. தூள் ஒட்டாத இடத்தை அமிலம் அரிக்கும். கொஞ்ச நேரம் அரிச்சா வெளிர் நிழல், ரொம்ப நேரம் அரிச்சா கருநிழல். அந்தக் குழியில் மை தங்கும், காகிதத்தை வச்சு அழுத்தினா படம். ஃபேக்டரியில் சர்க்யூட் போர்டில் செம்பை அமிலம் வச்சு அரிக்கிறதைப் பார்த்த எங்களுக்கு இது சட்டுனு புரிஞ்சது. 200 வருஷத்துக்கு முன்னாடி அதே வேலையை ஒருத்தர் மேகத்துக்கும் மரத்துக்கும் செஞ்சிருக்கார்னு ஆச்சரியமாவும் இருந்தது.

இப்போ விஷயத்துக்கு வர்றோம்.

முதல் இரண்டு நிமிஷம் யாரும் பேசக் கூடாது

படத்தைத் தேக்காவில் ஒரு கடையில் பெருசா பிரின்ட் எடுத்தோம். பாயில் பிள்ளைங்களை உட்கார வச்சு நடுவில் வச்சோம். "இது என்ன கோயில், எந்த ஊரு, யாரு கட்டினது" எதுவும் சொல்லலை. பெரியவங்க வாயைத் திறந்தா பிள்ளைங்க படத்தைப் பார்க்க மாட்டாங்க, நம்ம முகத்தைத்தான் பார்ப்பாங்க. அதனால ரெண்டு நிமிஷம் சும்மா பார்க்கிற விளையாட்டுன்னு சொன்னோம்.

அப்புறம் ஒரே கேள்வி. "என்ன தெரியுது?"

"அங்கிள், ரூஃப் மேல மரம் இருக்கு."

"கதவே இல்ல."

"உள்ள டார்க்கா இருக்கு. உள்ள யாரோ இருக்காங்க."

"கல்லு நெறைய கீழ விழுந்திருக்கு. லெகோ மாதிரி."

"யாருமே கூட்டல அங்கிள்."

கடைசியில் சொன்னது அஞ்சு வயசுப் பிள்ளை. அதுக்குக் கோயில்னா யாராவது எப்பவும் கூட்டிக்கிட்டே இருக்கிற இடம். நம்ம கோயிலில் அது பார்க்கிறது அதைத்தானே.

அடுத்த கேள்வி: "இந்தப் படத்துக்குள்ள நீங்க போய் நின்னா என்ன சத்தம் கேட்கும்?" காத்து, குருவி, பூச்சி, தவளைன்னு அடுக்கினாங்க. ஒரு பையன் யோசிச்சுட்டு, "மணி சத்தம் கேட்காது"ன்னான். அந்த இடத்தில் எல்லாரும் கொஞ்சம் அமைதியாயிட்டாங்க.

இதே கோயிலை ஃபோட்டோவில் காட்டியிருக்கலாமேன்னு கேட்கலாம். இன்னைக்கு பிரம்பானான் ஃபோட்டோ இணையத்தில் ஆயிரம் கிடைக்குது. ஃபோட்டோவைப் பிள்ளைங்க ஒரு செகண்டில் தள்ளி விட்டுடுவாங்க, ஃபோனில் அப்படித்தானே பழக்கம். கையால் செஞ்ச படத்தில் ஒவ்வொரு கோட்டையும் ஒருத்தர் உட்கார்ந்து போட்டிருக்கார். இந்தச் செடியை ஏன் இங்கே வரைஞ்சார், இந்தக் கல்லை ஏன் முன்னாடி போட்டார்னு கேட்க இடம் இருக்கு. அந்தக் காலத்து ஆங்கிலேய ஓவியர்களுக்கு இடிபாடுன்னா ரொம்பப் பிடிக்கும். கொடி படர்ந்த சுவர், சரிஞ்ச தூண், பின்னால் பெரிய வானம், இதெல்லாம் அவங்களுக்கு அழகு. நமக்கு அதே படம் வயித்தைப் பிசையுது. ரெண்டு பேரும் பார்க்கிறது ஒரே படம்தான். எட்டு வயசுப் பிள்ளைக்கு இது விளங்கும். "அவருக்கு அது அழகு, உனக்கு எப்படி இருக்கு?"ன்னு கேட்டா, "சோகமா இருக்கு, ஆனா அழகாவும் இருக்கு"ன்னு ஒருத்தி சொன்னா. எங்களுக்கே அப்படிச் சொல்லத் தெரிஞ்சிருக்காது.

"சாமி எங்க போச்சு?"

இந்தக் கேள்வி வரும்னு எங்களுக்குத் தெரியும். ஆறு வயசுப் பையன் கேட்டான். "கோயில் உடைஞ்சு போனா சாமி எங்க போகும் அங்கிள்?"

பாட்டியம்மா பயந்தது இதுக்குத்தான். பின்னமான விக்கிரகத்தைப் பூஜையில் வைக்கிறதில்லை, அது சரிதான். அந்த ஆகமத்தை நாங்க மீறலை. படத்தைப் பூஜைக்கு வைக்கலை, பார்க்கத்தான் வச்சோம். உடைஞ்சதைக் கும்பிடறது வேற, உடைஞ்சதைப் பத்தித் தெரிஞ்சுக்கறது வேறன்னு நாங்க நினைக்கிறோம்.

அந்தப் பையனுக்கு நாங்க சொன்ன பதில் பாலாலயம். சிங்கப்பூரில் கோயில்களுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குடமுழுக்கு நடக்கும். சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு 2023 பிப்ரவரியில் நடந்தது, பல பிள்ளைங்க அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்காங்க. திருப்பணி தொடங்கும் முன்னாடி, சந்நிதியில் இருக்கிற சக்தியைக் கும்பத்தில் ஆவாகனம் பண்ணி வேற இடத்தில் வச்சுப் பூஜை பண்ணுவாங்க. வேலை முடிஞ்சதும் திரும்பவும் மூலவருக்கு. அதனால, "சாரம் கட்டி, பெயின்ட் அடிச்சப்போ சாமி எங்க இருந்துச்சு?"ன்னு நாங்க திருப்பிக் கேட்டோம். "சின்ன இடத்துல, சொம்புல"ன்னு ரெண்டு மூணு பேர் கத்தினாங்க. "அப்போ கட்டடம்தான் சாமின்னு இல்லை, சரியா? ஆனா சாமியைக் கூப்பிட்டு உட்கார வைக்க ஆள் வேணும். விளக்கு ஏத்த ஆள் வேணும். இந்தப் படத்தில் அந்த ஆளுங்க இல்லை"ன்னு சொன்னோம். பையன் தலையாட்டினான். முழுசாப் புரிஞ்சுதான்னு தெரியாது. ஆனா பயந்த மாதிரி இல்லை.

"யாரு உடைச்சது?"

எங்க வகுப்பில் ரொம்ப முக்கியமான நேரம் இதுதான். அதனால கொஞ்சம் விரிவாகவே எழுதுறோம்.

இந்தக் கேள்வியைப் பிள்ளை கேட்டதும், கூட உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், நல்ல மனுஷர், "வேற யாரு, படையெடுத்து வந்தவங்கதான்"னு ஆரம்பிச்சார். நாங்க மெதுவா, "அண்ணே, ஒரு நிமிஷம்"னு நிறுத்தினோம். அவர் சொல்ல வந்தது பிரம்பானானுக்குப் பொருந்தாது.

நடந்தது இது. பிரம்பானானின் பெரிய சிவன் கோயில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 856-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒண்ணு சிவனுக்குக் கோயில் எழுப்பினதைச் சொல்லுது. கட்டினவங்க ஜாவா ராஜாக்கள். மொத்தம் 240 கோயில்கள் கொண்ட தொகுதி. நடுவில் சிவன் கோயில் 47 மீட்டர், நம்ம எச்.டி.பி. பிளாக் கணக்கில் 15, 16 மாடி உயரம். 10-ஆம் நூற்றாண்டில் அரசு நடு ஜாவாவை விட்டுக் கிழக்கு ஜாவாவுக்கு இடம் மாறிடுச்சு. ஏன் மாறுச்சுன்னு ஆராய்ச்சியாளர்கள் பல காரணம் சொல்றாங்க, பக்கத்தில் இருக்கிற மெராப்பி எரிமலையும் அதில் ஒண்ணு. ராஜா போனார், மானியம் நின்னது, குருக்கள் போனாங்க. பிறகு மழை, செடி, நிலநடுக்கம். விழுந்து கிடந்த கல்லை ஊர்க்காரங்க வீடு கட்ட எடுத்துப் போனாங்க. டச்சுக்காரங்க சிலைகளைத் தோட்ட அலங்காரத்துக்குத் தூக்கிப் போனாங்க. ராஃபிள்ஸும் புனிதர் இல்லை. 1812-ல் அவருடைய படை யோக்யகர்த்தா அரண்மனையைப் பிடிச்சுக் கொள்ளையடிச்சது.

பிள்ளைங்களுக்கு இவ்வளவும் சொல்லலை. "ரொம்ப நாள் யாரும் பார்த்துக்கலை. மழை பெய்ஞ்சது, மரம் முளைச்சது, நிலம் ஆடுச்சு, விழுந்துடுச்சு"ன்னு சொன்னோம். அதுதான் உண்மையும்.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துறோம்? இந்தப் பிள்ளைங்க திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் மலாய்ப் பிள்ளைங்க பக்கத்தில் உட்காரப் போறாங்க. வாய்பாடு சேர்ந்து சொல்லப் போறாங்க, கேன்டீனில் சேர்ந்து சாப்பிடப் போறாங்க. அஞ்சு வயசில் தப்பான கோபத்தை ஊட்டி அனுப்பினா, அது பிறகு இறங்காது. மேலும், அந்தக் கோயிலை இன்னைக்குக் காப்பாத்துறது யாரு? இந்தோனேசியாக்காரங்க, அவங்களில் பெரும்பாலானவங்க முஸ்லிம்கள். நாம நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் பழி சொல்லக் கூடாது.

இன்னொரு பக்கமும் எச்சரிக்கையா இருந்தோம். "நம்ம சோழர்கள் கட்டினது"ன்னு ஒருத்தர் பெருமையா சொன்னார். அதுவும் இல்லை. ராஜேந்திர சோழனின் கப்பல் படை இந்தப் பக்கம் வந்தது 1025-ல். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் முடிஞ்சது 1010-ல். பிரம்பானான் அதுக்கு 150 வருஷம் முன்னாடியே எழுந்தாச்சு. நம்ம சாமியை வேற ஒரு ஜனங்க தங்கள் கையால், தங்கள் அழகில் கட்டிக் கும்பிட்டாங்க. அதைக் கேட்டாலே சந்தோஷம் வரணும். நாமே கட்டினோம்னு சொல்லிக்கத் தேவையில்லை.

ஆனா சொந்தம் கொண்டாட வேற விஷயம் இருக்கு. அந்தச் சிவன் கோயிலில் நடுவில் சிவன், மேற்கே பிள்ளையார், வடக்கே மகிஷாசுரமர்த்தினி. தெற்கே யாரு தெரியுமா? அகத்தியர்! நம்ம பொதிகை மலை அகத்தியர், கமண்டலத்தோட. இதைச் சொன்னதும் பிள்ளைங்களை விட அப்பா அம்மாக்கள்தான் அசந்து போனாங்க. சுற்றுக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் ராமாயணம் புடைப்புச் சிற்பமா ஓடுது. ராஃபிள்ஸின் ஆட்கள் போனப்போ கூடப் போன இந்தியச் சிப்பாய் ஒருத்தர், அங்கே இருந்த மூர்த்தங்களைப் பார்த்து அடையாளம் கண்டு வியந்து போனார்னு அந்தப் புத்தகத்திலேயே இருக்கு. ஊரை விட்டு எத்தனையோ தூரம் கூலிக்கு வந்த இடத்தில், காட்டுக்குள்ளே நம்ம அம்பாள் நின்னா எப்படி இருக்கும்னு வேலைக்கு வந்து பழகின ஜனங்களுக்குத் தெரியும்.

கதை

கதை இல்லாம வகுப்பு முடியாது. அந்த ஊர்க்காரங்க வடக்குச் சந்நிதி துர்க்கையை "ராரா ஜோங்ராங்"னு கூப்பிடுவாங்க, ஒல்லியான பொண்ணுன்னு அர்த்தம். அவ ஒரு இளவரசியாம். அவ அப்பாவைக் கொன்ன பாண்டுங் போண்டோவோசோ என்கிற இளவரசன் அவளைக் கட்டிக்கணும்னு நின்னான். "ஒரே ராத்திரியில் ஆயிரம் கோயில் கட்டு, பார்க்கலாம்"னு சொல்லிட்டா. அவன் பூதகணங்களை வச்சு 999 கட்டிட்டான். இவ பயந்து போய், ஊர்ப் பொண்ணுங்களை எழுப்பி உலக்கை போட்டு நெல்லு குத்தச் சொல்லி, கிழக்கே நெருப்பு மூட்டினா. விடிஞ்சுடுச்சுன்னு சேவல் கூவிடுச்சு. பூதமெல்லாம் ஓடிடுச்சு. கோபத்தில் அவன் சபிக்க, ஆயிரமாவது சிலையா அவளே ஆயிட்டாளாம்.

பிள்ளைங்க சேவல் மாதிரி கூவி மண்டபத்தையே அதிர வச்சுட்டாங்க. குருக்கள் எட்டிப் பார்த்துச் சிரிச்சுட்டுப் போனார். இந்த ஆயிரம் கோயில் கதை பக்கத்தில் இருக்கிற சேவு என்கிற தொகுதிக்கும் சேரும், "சேவு"ன்னா ஜாவா மொழியில் ஆயிரம். சேவு பௌத்தக் கோயில். ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே சிவனும் புத்தரும் பக்கத்து வீட்டுக்காரங்களா இருந்திருக்காங்க. நம்ம ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்து போனாலும் அப்படித்தானே.

இரண்டாவது படம்

கடைசியில்தான் ஜோடிப் படத்தை எடுத்தோம், சரி பண்ணின கோயில். "ஆ..."ன்னு ஒரு சத்தம். ரெண்டையும் பக்கத்தில் வச்சு என்னென்ன மாறியிருக்குன்னு கண்டுபிடிக்கச் சொன்னோம். விரலை வச்சு ஒவ்வொண்ணா காட்டினாங்க.

அப்புறம் மரக்கட்டைகளைக் கொட்டி, "நீங்க கட்டுங்க"ன்னோம். முன்னாடியே பத்துக் கட்டையை நாங்க ஒளிச்சு வச்சுட்டோம். பாதியில் "கட்டை பத்தல"ன்னு புகார். அப்போ சொன்னோம், நிஜமா கட்டினவங்களுக்கும் இதே பிரச்சினைதான்னு.

டேனியலுக்குக் காகிதத்தில் கோயிலைச் சரி பண்ண சில வாரம் போதும். கல்லில் சரி பண்ண எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா? சிவன் கோயிலைத் திரும்பக் கட்டுற வேலை 1918-ல் தொடங்கி 1953-ல் முடிஞ்சது. முப்பத்தஞ்சு வருஷம். நடுவில் உலகப் போர், ஜப்பான்காரங்க ஆட்சி, விடுதலைப் போராட்டம் எல்லாம் வந்து போச்சு. டச்சுக்காரங்க தொடங்கினதை விடுதலை பெற்ற இந்தோனேசியா முடிச்சது. அவங்க வச்சிருக்கிற விதி ஒண்ணு, பழைய கல் முக்கால் பங்காவது கிடைச்சாத்தான் ஒரு கோயிலைத் திரும்பக் கட்டுவாங்க. இல்லைன்னா அப்படியே விட்டுடுவாங்க. அதனால சுற்றியிருந்த 224 சின்னக் கோயில்களில் பெரும்பாலானவை இன்னும் கற்குவியல்தான். 2006 மே மாதம் வந்த நிலநடுக்கத்தில் கட்டினதும் சேதமாச்சு. மறுபடியும் சாரம் கட்டி மறுபடியும் வேலை பார்த்தாங்க.

ஃபேக்டரியில் இருக்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச பாடம். மெஷின் ஒரே நாளில் நிற்கிறதில்லை. எண்ணெய் விடாத நாள், கழற்றிப் பார்க்காத வாரம், "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னு தள்ளின வேலை, எல்லாம் சேர்ந்துதான் நிற்கும். பழுதானதைச் சரி பண்றதுக்கு ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்குகூடப் பராமரிப்புக்கு ஆகாதுன்னு நாங்க புது ஆட்களுக்குச் சொல்லிக்கிட்டே இருப்போம். குடமுழுக்கைப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு பெரியவங்க வச்சதில் இந்த அறிவும் சேர்ந்துதான் இருக்கு.

இன்னொரு நல்ல சேதி. 2019 நவம்பரில் பிரம்பானான் சிவன் கோயிலில் இந்தோனேசிய இந்துக்கள் கூடி அபிஷேகச் சடங்கு நடத்தினாங்க. 856-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவைன்னு சொன்னாங்க. 1,163 வருஷம். படத்தில் "மணி சத்தம் கேட்காது"ன்னு சொன்ன பையனுக்கு இதைச் சொன்னோம். "இப்ப கேட்குமா?"ன்னான். கேட்குது தம்பின்னோம்.

அடுத்த வாரம் நடந்தது

வகுப்பு முடியும்போது ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தோம். கோயில் மேல மரம் எப்படி முளைக்குது? பறவை பழத்தைத் தின்னுட்டு எச்சம் போடும், விதை சந்தில் விழும், வேர் உள்ளே போய்க் கல்லைப் பிளக்கும். "உங்க கண்ணுக்கு அப்படி எதுவும் தெரிஞ்சா வந்து சொல்லணும்"னோம்.

அடுத்த ஞாயிறு, "யாருமே கூட்டல"ன்னு சொன்ன அதே பிள்ளை ஓடி வந்து எங்க கையைப் பிடிச்சு இழுத்தது. பின்பக்கச் சுவரில், மழைநீர்க் குழாய் பக்கத்தில், ரெண்டு இலை விட்ட அரசங்கன்று. விரல் உயரம்கூட இல்லை. நாங்க தினம் அந்தப் பக்கம்தான் வாளியைத் தூக்கிக்கிட்டுப் போறோம். பெரியவங்க கண்ணு உயரத்துக்கு அது படாது. அலுவலகத்தில் சொல்லி, அன்னைக்கே ஏணி போட்டு வேரோட எடுத்து, சந்தைப் பூசினாங்க. கன்றை வீசலை, ஒரு தொட்டியில் வச்சிருக்கோம். பிள்ளைதான் தண்ணி ஊத்துது.

பாட்டியம்மா, உங்களுக்கு எங்க பதில் இதுதான். முழு அலங்காரத்தில் இருக்கிற அம்பாளைப் பிள்ளைங்க எப்பவும் பார்க்கிறாங்க. அந்த அலங்காரம் தானா நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டு வளர்றாங்க. இடிஞ்ச கோயிலை ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு, இதுக்குப் பின்னாடி கை இருக்குன்னு தெரியுது. நம்ம காலத்துக்கு அப்புறம் அந்தக் கை அதுங்களோடதா இருக்கணும். எங்களுக்கும் அம்பது தாண்டியாச்சு, முட்டி வலிக்குது. பயமா இருக்கிறது படத்தில் இருக்கிற மரத்தைப் பார்த்து இல்லை, ஞாயிற்றுக்கிழமை வர்ற இளவட்டங்க குறையறதைப் பார்த்துத்தான்.

வீட்டில் செஞ்சு பார்க்க

1. ராஃபிள்ஸின் ஜாவா புத்தகப் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்குது. டேனியல் சித்தப்பாவும் மகனும் வரைஞ்ச மாமல்லபுரம், தஞ்சாவூர்ப் படங்களும் கிடைக்குது. முடிஞ்சா பிரின்ட் எடுங்க. ஃபோன் திரை சின்னது, பிள்ளை தேய்ச்சுக்கிட்டே போயிடும்.

2. முதலில் பார்க்க விடுங்க. பேர், வருஷம், ஊர் எல்லாம் கடைசியில்.

3. "என்ன தெரியுது? என்ன சத்தம் கேட்கும்? முன்னாடி எப்படி இருந்திருக்கும்?" இந்த மூணு கேள்வி போதும்.

4. "யாரு உடைச்சது?"ன்னு கேட்டா, தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. தெரியலைன்னா "சேர்ந்து தேடுவோம்"னு சொல்லுங்க. பிள்ளை அதுக்காக உங்களை மட்டமா நினைக்காது.

5. எம்பிரஸ் பிளேஸில் இருக்கிற ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போங்க. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்களில் அனுமதி இலவசம். 2019-ல் ராஃபிள்ஸ் சேர்த்த ஜாவா பொருட்களை வச்சு அங்கே ஒரு கண்காட்சியே நடந்தது. வெளியே வந்தா ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலை. அவரோட 1819 மே மாதம் கப்பலில் வந்து இறங்கினவர்தான் நாராயண பிள்ளை, 1827-ல் மாரியம்மன் கோயிலைத் தொடங்கினவர். அங்கிருந்து நடந்தே அந்தக் கோயிலுக்குப் போயிடலாம். இடிபாட்டைப் படம் போட்டவர் கதையும், விளக்கை ஏத்தி வச்சவர் கதையும் ஒரே நாளில் சொல்லிடலாம்.

வர்ற ஞாயிறு காலை வகுப்பில் மாமல்லபுரம் படம். பாய் விரிக்க, படத்தைப் பிடிக்க, கட்டை பொறுக்க ரெண்டு பேர் தேவை. வயசு, படிப்பு எதுவும் பார்க்கலை. வர்றவங்க கீழே பெயர் போடுங்க. பாட்டியம்மா, நீங்களும் வாங்க, முன் வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம்.

சிவாய நம.